அம்பத்தூரில் எந்த மொழியில் வலிக்கிறது?

பாடியில் ஒரு பாடல் பெற்ற தலம் இருக்கிறது. பெயர் திருவலிதாயம். பெயரிலேயே ‘வலி’ இருப்பதால், வலி தீர்க்கும் கோயிலோ என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. அப்படி இல்லை. ‘வலியன்’ என்ற குருவியின் வடிவில் பரத்வாஜ முனிவர் வழிபட்டதால் வந்த பெயர் என்கிறது தலபுராணம்.

ஆனால், இந்தப் பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று போய்ப் பூந்தமல்லியில் முடிகிற மேற்குப் புறநகரை ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் சுற்றிப் பாருங்கள். வேலை முடிந்து ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கழுத்தைத் திருகிக்கொண்டோ, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டோதான் உட்காருவார்கள். உடம்பை வைத்துப் பிழைக்கிற வட்டாரம் இது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூருக்கு வந்துவிட்டது. அந்தக் குழுமத்தின் சார்பில் எழுந்த ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரி இன்றைக்கும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஓர் அடையாளம். லேத், பிரஸ், மோல்டிங், பவுடர் கோட்டிங், தையல் என எஸ்டேட்டுக்குள் நடக்காத வேலை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வலி. அந்த வலிக்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற சொற்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு மருந்துக்கடை ஓரமாகப் பத்து நிமிடம் நின்றால் போதும். “தோள்பட்டை இறங்குது சார்.” “கை கடுக்குது.” “கழுத்துல நரம்பு இழுக்குது.” “கால் உளையுது, ராத்திரி தூக்கமே இல்ல.” “இடுப்பு பிடிச்சுக்கிச்சு.” “காது குடையுது.” “விரல்ல அடிபட்ட இடம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.” இதில் ஒருவர்கூட ‘வலி’ என்ற சொல்லைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லத் தேவையில்லை. தெறிக்குது என்றால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். எரியுது என்றால் வேறு; மரத்துப்போச்சு என்றால் வேறு. ‘மாரை அடைக்குது’ என்று ஒருவர் சொன்னால், அனுபவமுள்ள கடைக்காரர் மாத்திரையைத் தேடமாட்டார், ஆட்டோவைத் தேடுவார்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற ஆய்வாளர் இதையே 1975-ல் ஒரு மருத்துவக் கருவியாக ஆக்கினார். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் 78 சொற்களை 20 வகையாகப் பிரித்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். எந்தச் சொல்லை நோயாளி தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்தே நோயைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும் என்பது அதன் அடிப்படை. ஸ்பானிஷ் உட்படப் பல மொழிகளுக்கு அது போயிருக்கிறது. போகும்போதெல்லாம் ஒரே சிக்கல்தான்: சொல்லுக்குச் சொல் மாற்ற முடியாது. ‘குடையுது’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

இனி, அதே மருந்துக்கடைக்கு வருகிற இன்னொருவரைப் பாருங்கள். வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும். ஒடிசாவோ, பீகாரோ, ஜார்க்கண்டோ. எஸ்டேட்டில் இன்று மெஷினுக்கு முன்னால் நிற்பவர்களில் கணிசமானவர்கள் இவர்கள்தான். “அண்ணா...” என்று அழகாகக் கூப்பிடுவார். அதற்குமேல் தமிழ் வராது. இடுப்பைத் தொட்டுக் காட்டி, “தர்த்” என்பார். வயிற்றைத் தொட்டாலும் தர்த். நெஞ்சைத் தொட்டாலும் தர்த். கடைக்காரருக்கும் அந்த ஒரு சொல் தெரியும். வலி என்று புரிந்துவிட்டது. ஒரு ஸ்டிரிப் வலி மாத்திரை கைமாறும். ஊரில் அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அது குத்தலா, இழுப்பா, எரிச்சலா என்று பத்து விதமாகச் சொல்லியிருப்பான். இங்கே அந்தப் பத்தும் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

ஒடியாவில் தலைவலிக்கு ‘முண்டா பிந்துச்சி’ என்பார்கள். தலையைத் துளைக்கிறது என்று அர்த்தம். வயிற்றுவலிக்கு ‘பேட்ட காட்டுச்சி’, வயிற்றை அறுக்கிறது. வங்காளியில் ‘மாத்தா தோரேச்சே’, தலை பிடித்துக்கொண்டது. நம் ‘இடுப்பு பிடிச்சுக்கிச்சு’ மாதிரியே இல்லை? அவர்களிடம் சொல் பஞ்சம் இல்லை. அதைக் கேட்க அம்பத்தூரில் காது இல்லை, அவ்வளவுதான்.

விசித்திரம் என்னவென்றால், இதே எஸ்டேட்டின் வேறொரு மூலையில் உலகத்து வலியெல்லாம் மிக நுணுக்கமாகக் கேட்கப்படுகிறது. பழைய தொழிற்கூடங்கள் இருந்த இடங்களில் எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களில் மெடிக்கல் கோடிங் கம்பெனிகள் இயங்குகின்றன. அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், அந்தக் குறிப்பு இன்ஷூரன்ஸுக்குப் போகும் முன் எண்ணாக மாற வேண்டும். அந்த எண்ணைப் போடுகிறவர்களில் கணிசமான பேர் நம் சென்னைப் பிள்ளைகள். 2015 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கும் ஐ.சி.டி.-10 பட்டியலில் தலைவலி என்றால் ஆர்51.9. வலது முழங்கால் வலி எம்25.561, இடது முழங்கால் என்றால் கடைசி எண் 2. இடது, வலது தப்பினால் பில் திரும்பி வந்துவிடும்.

இந்த வேலையில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒரு விஷயம் சொன்னாள். “சித்தப்பா, பல கேஸ் ஷீட்டுல ‘நோயாளி ஸ்பானிஷ் பேசுபவர், மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் பேசப்பட்டது’ன்னு ஒரு வரி இருக்கும். நாங்க அதைத் தாண்டிப் போயிடுவோம்.” எனக்குத் தாண்டிப் போக மனசு வரவில்லை. மெக்ஸிகோவிலோ எல் சால்வடாரிலோ இருந்து பிழைக்கப் போன ஒருவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொல்கிறார். அது ஆங்கிலமாகி, எண்ணாகி, அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கிறது. அவர் முதலில் சொன்னது என்ன?

‘மே துவெலே லா கபேஸா.’ தலைவலிக்கு ஸ்பானிஷ்காரர் சொல்வது இது. இதைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ‘மே’ என்றால் எனக்கு. ‘துவெலே’ என்றால் வலிக்கிறது. ‘லா கபேஸா’ தலை. எனக்கு வலிக்கிறது தலை! ஆங்கிலத்தில் தலைவலியை ‘வைத்திருக்கிறேன்’ என்கிறார்கள், ஏதோ பையில் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. இந்தியில் ‘மேரே சிர் மே தர்த் ஹை’, என் தலையில் வலி இருக்கிறது. தமிழிலும் ஸ்பானிஷிலும் மட்டும் நாம் எதுவும் செய்வதில்லை, எதையும் வைத்திருப்பதுமில்லை. வலிப்பது தலையின் வேலை, அனுபவிப்பது நம் தலையெழுத்து. கால்கள் என்று பன்மையில் சொன்னால் வினையும் பன்மையாகிவிடும்: ‘மே துவெலென் லாஸ் பியெர்னாஸ்’, எனக்குக் கால்கள் வலிக்கின்றன. ஸ்பானிஷ் கற்கும் ஆங்கிலேயர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த இலக்கணம், நம் வீட்டுக் குழந்தைக்கு மூன்று வயதில் வந்துவிடுகிறது.

பொருத்தம் இதோடு நிற்கவில்லை. கால் மரத்து விடும்போது நாம் ‘எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு’ என்போம். ஸ்பானிஷில் ‘ஓர்மிகேயோ’. ஓர்மிகா என்றால் எறும்பு! ஆங்கில மருத்துவர்கள் லத்தீனில் அதற்கு வைத்திருக்கும் பெயரிலும் எறும்புதான் ஊர்கிறது. அம்பத்தூர் கண்ணாடிக் கட்டடத்தில் அது ஆர்20.2.

பயந்துபோய்ச் சோறு தண்ணி இறங்காமல் கிடக்கும் பிள்ளைக்குப் ‘பயந்த கோளாறு’ என்று மந்திரிப்போமே, லத்தீன் அமெரிக்காவில் அதற்குச் ‘சுஸ்தோ’ என்று பெயர். கண்ணேறுக்கு ‘மால் தே ஓஹோ’. நாம் உப்பு, மிளகாய் சுற்றிப் போடுகிறோம். அவர்கள் ஒரு கோழிமுட்டையை உடம்பெல்லாம் உருட்டி எடுத்து உடைத்துப் பார்க்கிறார்கள். இவை மருந்தா என்று நான் வாதாட வரவில்லை. ‘சுஸ்தோ’ என்று ஒரு தாய் சொன்னால், அவள் எதைச் சொல்கிறாள் என்று டாக்டருக்குப் புரிய வேண்டும், அது முக்கியம்.

புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வழக்கு இருக்கிறது. 1980 ஜனவரி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞர் திடீரென்று கடும் தலைவலி வந்து நினைவிழந்தார். கியூபாவைச் சேர்ந்த குடும்பம். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, ‘இன்டொக்ஸிகாதோ’ என்றார்கள். கியூபா வழக்கில் அதற்கு, உள்ளே போன ஏதோ ஒன்று உடம்பைக் கெடுத்துவிட்டது என்று பொருள். ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று கேட்டது. போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டதாக நினைத்தே சிகிச்சை தரப்பட்டது. உண்மையில் அந்தப் பையனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவருவதற்குள் கை, கால் நான்கும் விழுந்துவிட்டன. பிறகு நடந்த வழக்கில் அவர் ஆயுள் முழுமைக்குமாக ஏற்பாடான இழப்பீடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர். ஒரே ஒரு சொல்.

அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கே அடிப்படையாக அமைந்தது குடிமை உரிமைகள் சட்டம். அது வந்த ஆண்டும் நம் அம்பத்தூர் எஸ்டேட் வந்த அதே 1964.

ஃபுளோரிடா கதை எதற்கு என்று கேட்பவர்களுக்காக, நம் சி.டி.எச். ரோட்டிலேயே கேட்கக்கூடிய மூன்று இந்திச் சொற்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘சக்கர்’. “சக்கர் ஆ ரஹா ஹை” என்றால் தலை சுற்றுகிறது. சென்னைக் காதில் இது என்னவாக விழும்? சக்கரை! ‘உனக்கு சுகர் இருக்கா தம்பி?’ என்று நாம் கேட்போம். அவனும் விழிப்பான், நாமும் விழிப்போம். இரண்டாவது, ‘சீனா’. நெஞ்சு. “சீனே மே தர்த்” என்றால் நெஞ்சுவலி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் நர்ஸம்மா காதில் அதுவும் சீனிதான். மூன்றாவது, ‘சான்ஸ்’. இது மூச்சு. “சான்ஸ் ஃபூல் ரஹீ ஹை” என்றால் மூச்சு வாங்குகிறது. நமக்கு சான்ஸ் என்றால் வாய்ப்பு. ஃபூல் என்றால் முட்டாள்!

சிரித்துவிட்டு இன்னொரு தடவை படியுங்கள். தலைச்சுற்றல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு. ஒரே நேரத்தில் ஒருவனுக்கு இந்த மூன்றும் வந்தால் அவனிடம் அதிக நேரம் இல்லை. கோடிங் செய்யும் பெண்ணிடம் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஆர்42, ஆர்07.9, ஆர்06.02 என்று சொல்லிவிடுவாள்.

இப்போதுதான் செல்போனில் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது, உதவுகிறது. ஆனால் ‘தர்த்’ என்று பேசினால் அதுவும் ‘வலி’ என்று மட்டும்தான் காட்டும். 1980-களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இரண்டு பெண்கள் குழந்தைகளுக்காக உருவாக்கிய முகப்படங்கள் ஆஸ்பத்திரிச் சுவர்களில் இருக்கும். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு. மொழி வேண்டாம், விரலை வைத்தால் போதும். எவ்வளவு வலி என்று அது சொல்லும். எப்படிப்பட்ட வலி என்று சொல்லாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடிபட்ட பையனைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது கான்ட்ராக்டரோ சூப்பர்வைசரோதான். இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் அவர். டாக்டர் கேட்பதற்கு அவரே பதில் சொல்வார். எப்படி அடிபட்டது, எத்தனை மணி நேரமாக மெஷினில் நின்றான், இதற்கு முன்னாலும் வலித்ததா என்பதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் வரும். நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் சம்பளம் கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பையன் முழுதாக வலியைச் சொல்வான்?

அம்பத்தூரைத் தாண்டினால் திருமுல்லைவாயில். வலியை மறைக்காமல் உரக்கச் சொன்ன ஒருவர் வந்த ஊர் இது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டதால் கண் பார்வை இழந்தார் சுந்தரர். தட்டுத் தடுமாறி அவர் வந்து பாடிய தலங்களில் ஒன்று வட திருமுல்லைவாயில். என் துயரைக் களைய மாட்டாயா என்று மாசிலாமணீஸ்வரரிடம் அவர் வைத்த முறையீடு தேவாரத்தில் இருக்கிறது. உடனே பார்வை கிடைத்துவிடவில்லை. அங்கிருந்து வெண்பாக்கம், ஆலங்காடு என்று போய், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்கிறது பெரியபுராணம். இந்தக் காலத்து நோயாளி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவதுபோலத்தான்.

இங்குள்ள மூலவருக்கே ஒரு காயம் உண்டு. தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, வாளால் வெட்டியபோது உள்ளிருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் வந்தது என்பது கதை. அந்த வெட்டுக்காயம் குளிர வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரை சதயத்தை ஒட்டித்தான் அதைக் களைவார்கள். காயம்பட்டவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தவர்கள் சந்தனம் அரைத்துவிட்டார்கள்.

ஆவடியில் நிலைமை கொஞ்சம் தேவலாம். 1961-ல் டாங்கி தொழிற்சாலை வந்ததிலிருந்து, ராணுவக் குடியிருப்பு, சி.ஆர்.பி.எஃப்., விமானப்படை என்று பல மாநிலத்துக்காரர்கள் தலைமுறையாக வாழும் ஊர். மார்க்கெட்டில் காய்கறி விற்கும் அம்மாவே “ஆதா கிலோ தீஸ் ருப்பயா” என்பார். வியாபாரத்துக்கு மொழி சீக்கிரம் வந்துவிடுகிறது, நோய்க்கு வருவதில்லை.

வேற்று மொழி என்றுகூட இல்லை, ஒரே தமிழுக்குள்ளும் இது உண்டு. அம்பத்தூருக்கு வடக்கே புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஈழத்து அம்மா ஒருவர் “தலையிடி, வயிறும் நோகுது” என்றால் இங்கே இளைய நர்ஸ் ஒரு கணம் திகைப்பார். ‘இடி’யா, யார் இடித்தது என்று! அந்த யாழ்ப்பாணத்துக்கே 1847-ல் வந்து சேர்ந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தங்கித் தமிழ் படித்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்கினார். நோயாளி ஆங்கிலம் படிக்கும்வரை காத்திருக்க முடியாது, டாக்டர் தமிழ் படிப்பதுதான் சுருக்கு வழி என்று நினைத்தார் போலும்.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்குப் பஸ் இருக்கிறது. பூந்தமல்லி பழைய பூவிருந்தவல்லி. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ராணுவ முகாம் இருந்தது. நோய்வாய்ப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் உடம்பு தேற இங்கே தங்கினார்கள். இந்த ஊரின் கோயிலில் இருப்பவர் வைத்தீஸ்வரர். வைத்தியர்களுக்கெல்லாம் தலைவர். எல்லா மொழியும் தெரிந்த ஒரே டாக்டர் என்று வைத்துக்கொள்ளலாம், டோக்கன் மட்டும் வாங்க முடியாது.

குமணன்சாவடி பக்கம் ஒரு சின்ன மருந்துக்கடை. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்தி எழுதப் படிக்கத் தெரியாது. மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் தமிழில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். வருகிற பையன்களிடமே கேட்டுக் கேட்டுச் சேர்த்ததாம். அனுமதி கேட்டுக் காப்பி எடுத்துக்கொண்டேன். வீட்டில் வாடகைக்கு வடமாநிலப் பிள்ளைகள் இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், நர்ஸம்மாக்கள் வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கமர் – இடுப்பு.
பீட் – முதுகு. பேட் – வயிறு. (நன்றாகக் கேட்கவும்.)
குட்னா – முட்டி.
ஜலன் – எரிச்சல்.
உல்டி – வாந்தி. தஸ்த் – பேதி.
கப்ராஹட் – படபடப்பு.
சக்கர் – தலை சுத்தல். சுகர் இல்லை.
சீனா – நெஞ்சு. மாத்திரை கொடுக்காதே.
சான்ஸ் – மூச்சு. உட்கார வை. 108.